செயலாளர் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

மதிப்பிற்குரிய தலைவர் ஆச்சி அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இவ்வாண்டில் காலமான உறுப்பினர்களுக்குக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியே வாசிப்பார். எனவே நான் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு சொல். நாம் மருத்துவ முகாம் நடத்தும் சங்கம் அல்ல. அதற்கு அரசு இருக்கிறது, அரிமா, ரோட்டரி சங்கங்கள் இருக்கின்றன. யாருக்கு நோய் அதிகம் வருகிறது, யாருக்கு வைத்தியம் தாமதமாகக் கிடைக்கிறது, அந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் என்ன என்று தேடி வரும் ஆய்வாளர்களுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் நடுவே நிற்கும் இணைப்பாளர்களைத் தயார் செய்வதுதான் நம் வேலை. வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் கிராமமொன்றில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் எழுதினார்: நல்ல வைத்தியம் எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று. அவர் எழுதியது அவருடைய நாட்டைப் பார்த்து. நம் பக்கத்தில் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கும் குடும்பங்களைப் பார்த்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார்.

இவ்வாண்டின் பெரிய விவகாரம் வீடுகள். வெளியூர்ப் பல்கலைக்கழகக் குழு ஒன்று முதியோர் நலம் பற்றிக் கணக்கெடுக்க வந்தது. அவர்களுடைய வினாப்படிவத்தில் குடும்பத்தின் வசதியை அளக்கச் சில கேள்விகள் இருந்தன: தரை எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, எத்தனை அறைகள், என்னென்ன பொருள்கள். இது அவர்களாகக் கண்டுபிடித்ததன்று. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பும் வீட்டின் அமைப்பையும் உடைமைகளையும் வைத்துத்தான் வசதிக் குறியீட்டைக் கணக்கிடுகிறது. மற்ற ஊர்களில் இது ஓரளவு சரியாக வரும். செட்டிநாட்டில் வராது. பர்மாத் தேக்குத் தூணும் இத்தாலியப் பளிங்குத் தரையும் உள்ள வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் படுத்திருப்பவர் வீட்டுக் காவல்காரரும் அவர் மனைவியும்தான். உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். படிவத்தை நிரப்பினால் அந்தக் காவல்காரர் மாவட்டத்திலேயே பெரிய செல்வந்தராகிவிடுகிறார். அவருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் பணமில்லை என்பது கணக்கில் ஏறாது. ஏறினாலும், 'வசதியுள்ளவர்களும் மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை' என்ற முடிவுக்குத்தான் அது உதவும்.

இதைக் கண்டுபிடித்தவர் கானாடுகாத்தான் இணைப்பாளர். அவரே இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வளவு வீட்டில், அதாவது செட்டிநாட்டுப் பெரிய வீட்டில், பெருக்கித் துடைக்கிறவர். 'இந்த வீடு யாருடையது என்று கேட்க மாட்டீர்களா?' என்றுதான் கேட்டார். குழுவில் வந்த முனைவர் சற்று நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டு உரிமை, வாழும் அறை, மாத வருமானம் மூன்றையும் தனித்தனியே கேட்கும்படி படிவம் மாற்றப்பட்டது. நேரெதிரான வீடுகளும் உண்டு. சொந்த வீட்டிலேயே தனியாக இருக்கும் ஆச்சிமார் சிலர், ஒழுகும் கூரையின் ஓடுகளை மாற்ற முடியாமல், வீட்டில் இரண்டு அறையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். பிள்ளைகள் அனுப்பும் பணம் வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. அவர்களிடம் வருமானத்தைக் கேட்பது எளிதன்று. 'எங்களுக்கென்ன குறை' என்றுதான் பதில் வரும். வேறு ஊர்ப் பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நம் இணைப்பாளர் போய் உட்கார்ந்து, மருந்துச் சீட்டைக் காட்டச் சொல்லி, எந்த மாத்திரையை எத்தனை நாளைக்கு ஒருமுறை போடுகிறீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

மாவட்ட எல்லையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. கணக்கெடுப்பு முடிவுகள் மாவட்டவாரியாக வருகின்றன. நம்மூர் எண்கள் ஒரு பக்கம் இளையான்குடி, மானாமதுரையோடும் இன்னொரு பக்கம் அறந்தாங்கியோடும் கலந்துவிடுகின்றன. காரைக்குடியும் 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. மாவட்டச் சராசரியைக் காட்டி 'உங்கள் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எந்தப் பகுதி என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்தது நேரம். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் வீட்டில் இருப்பவர்தான் கணக்கில் வருவார். புதுவயல் அரிசி ஆலையில் நெல் அவிக்கிறவர் வீட்டில் இருக்க மாட்டார். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டு ஊற்றுகிறவர், நாள் முழுக்க ஈரச் சிமெண்டில் கை வைத்திருக்கிறவர், அவரும் இருக்க மாட்டார். தோல் வெடிப்பும் அரிப்பும் யாருக்கு வருகின்றனவோ, தூசியால் மூச்சு யாருக்கு வாங்குகிறதோ, அவர்களையெல்லாம் விட்டுவிட்டு எடுத்த கணக்கைத்தான் 'ஊரின் உடல்நிலை' என்று இத்தனை காலம் சொல்லி வந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு வந்த இரண்டு குழுக்களிடமும் நாம் வைத்த முதல் நிபந்தனை, மாலை ஏழு மணிக்குமேல் அல்லது வார விடுமுறையில் வர வேண்டும் என்பது. ஒரு குழு ஒப்புக்கொண்டது. மற்றொன்று அலுவலக வாகனம் மாலை ஐந்து மணிக்குமேல் கிடைக்காது என்று எழுதியது. அவர்களை நாம் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் இணைப்பாளர்கள் வரமாட்டார்கள் என்று மட்டும் சொன்னோம். அவர்கள் அதன்பின் வரவில்லை.

இரண்டாவது நிபந்தனை ஒப்புதல். பழைய அனுபவம் உங்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் பரிசோதனை முடிவைக்கூட அனுப்பவில்லை. பெயரைச் சொல்லிப் பயனில்லை. நாட்டிலும் இதைவிடப் பெரிய பாடம் உண்டு. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வுத் திட்டம் நடந்தது. விடுதிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010-இல் அரசு அதை நிறுத்தியது. அந்தத் தடுப்பூசிமேல் எனக்கு ஐயம் இல்லை. பயனுள்ளது என்று உலகமே ஏற்றுக்கொண்டது. ஆனால் கேட்காமல் செய்ததனால் நல்ல ஊசிமீதும் பெற்றோருக்குச் சந்தேகம் வந்தது. எனவே நம் இணைப்பாளர் படிவத்தை உரக்கப் படித்துக் காட்டாமல், மறுக்கலாம் என்பதைச் சொல்லாமல், ஒருவரும் கைநாட்டு வைக்கக் கூடாது. மறுத்தவர் வீட்டுக்கு அதே ஆய்வுக்காக மறுபடியும் போகக் கூடாது. ஊர்ப் பெரியவர் சொல்லிவிட்டார் என்பதும் ஒப்புதல் ஆகாது. இதில் சில பெரியவர்களுக்கு வருத்தம் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, ஆய்வுகளை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாத சாதாரணக் குடிமக்கள் ஒருவராவது இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த இடம் ஓய்வுபெற்ற அதிகாரிக்குப் போகிறது. நம் உறுப்பினர், கண்டாங்கிச் சேலை நெய்யும் குடும்பத்துப் பெண், ஒரு கல்லூரியின் குழுவில் இவ்வாண்டு அமர்ந்திருக்கிறார். முதல் கூட்டத்தில் பேசவில்லையாம். இரண்டாவது கூட்டத்தில், ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்குச் சாப்பாடு யார் போடுவது என்று கேட்டாராம். அதன்பின் திட்டச் செலவில் காலைச் சிற்றுண்டி சேர்ந்தது.

மூன்றாவது நிபந்தனை, முடிவை ஊரில் வந்து வாசிக்க வேண்டும் என்பது. முதியோர் ஆய்வுக் குழு வந்தது. ஊருணிக் கரையில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். கூட்டம் நன்றாக இருந்தது. நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல் வாரத்தைத் தவிர்த்து நாள் வைத்தது நல்லதாயிற்று. ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. 'எங்கள் தெருவில் எத்தனை பேர்?' என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பத்து வீடு உள்ள தெருவில் 'ஒருவருக்குக் காசநோய்' என்று சொன்னால் அந்த ஒருவர் யார் என்று மறுநாளே தெரிந்துவிடும். கல்யாணப் பேச்சு நிற்கும், ஆலையில் வேலை போகும். சிறிய எண்களைத் தெருவாரியாக வெளியிடுவதில்லை என்று ஆய்வாளர்கள் சொன்னபோது, மறைக்கிறார்கள் என்று ஒரு சிலர் கோபப்பட்டார்கள். இணைப்பாளர்கள்தான் நடுவில் நின்று விளக்கினார்கள். ஊருக்குத் தெரிய வேண்டியது வேறு, அண்டை வீட்டுக்குத் தெரியக் கூடாதது வேறு. எங்கே கோடு போடுவது என்பதை ஒவ்வொரு ஆய்விலும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறோம்.

ஆய்வுகளைக் கூடிப் படிக்கும் நம் மாதப் படிப்பு வட்டம் தொய்வில்லாமல் நடந்தது. காசநோய்க்குச் சானடோரியம் என்னும் தங்கும் மருத்துவமனை தேவையில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று உலகுக்குக் காட்டியது சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம். முடிவு 1959-இல் வெளியானது. ஏழை வீடுகளுக்குப் போய்ப் போய் எடுத்த ஆய்வு அது. 2023-இல் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆய்வில், நோயாளி வீட்டாருக்கு உணவுப்பொருள் கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அதைப் படித்தபின் ஆலைத் தொழிலாளர் வீடுகளில் ரேஷன் அட்டை இல்லாதவர்களைத் தேடத் தொடங்கியிருக்கிறோம். கொரோனாக் காலத்தில் நாம் விரலில் மாட்டிக்கொண்ட ஆக்சிஜன் கருவி பற்றியும் படித்தோம். கருமை நிறத் தோலில் அது ஆக்சிஜன் குறைவைக் காட்டத் தவறுவதுண்டு என்று 2020-இல் அமெரிக்காவில் மிச்சிகன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வெள்ளையரைவிடக் கருப்பினத்தவரிடம் அது ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறியது. அன்று கூட்டத்தில் எல்லோரும் ஒருமுறை தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

பெண்கள் நலம் பற்றிய வேலை எதிர்பார்த்த அளவு நகரவில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் ராணி பாங், அபய் பாங் இருவரும் இரண்டு கிராமங்களில் செய்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில், 92 விழுக்காட்டுப் பெண்களுக்கு மகளிர் நோய் ஏதேனும் இருந்தது. நம் பகுதியில் அப்படி ஓர் ஆய்வுக்கு முன்வர யாரும் இல்லை. முன்வந்தாலும் பெண் மருத்துவர் இல்லாமல் நாம் ஒப்புக்கொள்வதாக இல்லை.

கடைசியாக, கூலி. செயற்குழுவில் நீண்ட நேரம் வாக்குவாதம் நடந்தது இதில்தான். ஊருக்குச் செய்கிற காரியத்துக்குக் காசு வாங்குவதா என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். அவர்கள் மனத்தை மதிக்கிறேன். ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காசில்லாமல் செய்ய முடிந்தவர்கள் ஏற்கெனவே வசதியுள்ளவர்கள். அவர்கள் மட்டுமே இணைப்பாளர் ஆனால், காவல்காரர் வீட்டுக் கதவை எந்தக் கை தட்டும்? பட்டறை வேலையை ஒரு நாள் விட்டால் அன்றைய கூலி போச்சு. ஆய்வாளருக்குச் சம்பளம், வண்டிக்கு டீசல், கணினிக்கு மென்பொருள், எல்லாவற்றுக்கும் திட்டத்தில் பணம் இருக்கிறது. இணைப்பாளருக்கு மட்டும் தேநீரும் நன்றியும். இனிமேல் நம் வழியாக வரும் எந்த ஆய்வும், இணைப்பாளரின் ஒரு நாள் உழைப்புக்குப் பட்டறையின் நாட்கூலிக்குக் குறையாத தொகையைத் திட்டச் செலவிலேயே காட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். தலைவர் ஆச்சி முன்மொழிய இசைந்திருக்கிறார்கள். வழிமொழிய ஒருவர் தேவை.

வரும் ஆண்டுக்குக் கரிமூட்டத் தொழிலாளர்களிடையே ஓர் இணைப்பாளரைக் கண்டுபிடிக்க வேண்டும். சீமைக்கருவேலம் வெட்டுகிற இடத்துக்கேற்ப இடம் மாறுகிறவர்கள் அவர்கள். எந்த வாக்காளர் பட்டியலிலும் முகவரி நிலையாக இருப்பதில்லை. கொத்தமங்கலம் பக்கம் யாரையாவது தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்