பாப்பாவுக்கு, மீன் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

மூன்று வாரமாக ஒரு பாஸ் மீன்கூடக் கடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அப்புறம் ஒரு வரி இல்லை. சரி, வேலை இருக்கும். மற்றதைக் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். மீனைப் பற்றியே எழுதுகிறேன்.

தினமும் பத்துப் பேர் தூண்டில் போடும் குளத்தில் மீன் இல்லாமல் போய்விடவில்லை. பிடித்துப் பிடித்துத் திரும்ப விட்டதில் உஷாராகிவிட்டது. எல்லாரும் இழுக்கிற, தண்ணீரில் சுழலும் பளபளப்பான ஸ்பின்னர் இரையை நீயும் இழுத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. நான்கு அங்குல ரப்பர் புழுவை எடு. ஈயக் குண்டு வேண்டாம். நடு உடம்பில் தூண்டில் முள்ளைக் குத்தி வீசிவிட்டுச் சும்மா இரு. இறங்கும்போது இரண்டு முனையும் துடிக்கும், பெரும்பாலும் அப்போதுதான் கவ்வும். கையில் தெரியாது. தூண்டில் நரம்பு லேசாகப் பக்கவாட்டில் நகரும், அதையே பார்.

விடியலில் போ. கரையில் மெதுவாக நட, காலடி அதிர்வு அதற்குத் தெரியும். விடியலில் போ என்றேன், தனியாகப் போகாதே. சாப்பிட்டுவிட்டுப் போ.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரி பாஸ் மீன்களை மூன்று தலைமுறை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள், முடிவை 2009இல் வெளியிட்டார்கள். எளிதில் சிக்காத மீனின் குஞ்சும் எளிதில் சிக்குவதில்லையாம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உங்கள் மகளின் அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா?" என்றாள்.

என்னைவிட நீ நன்றாக வீசுவாய். ஊரெல்லாம் சொல்வேன், உன்னிடம்தான் சொன்னதில்லை. ஆனால் பொறுமை கிடையாது. ஒரு போன் எடுக்க எவ்வளவு நேரமாகும்?

பொறுமை என்று நான் பேசக் கூடாது. அந்தப் பெரிய மீன், பாப்பா. நீ வெடுக்கென்று இழுத்ததால் நரம்பு அறுந்தது என்று எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், விருந்தாளிகள் முன்னால்கூட. அன்றைக்கு நரம்பைச் சுற்றும்போதே பார்த்தேன். நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. அறுந்த நரம்பு அப்படிச் சுருளாது. முடிச்சு நழுவியிருக்கிறது. அவசரத்தில் எச்சில் தொடாமல் உலர்ந்தபடியே இறுக்கிய முடிச்சு. கட்டியது நான். நுனியைக் கத்தரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ அழுதுகொண்டிருந்தாய்.

அந்தக் குளத்துக்கு ஆறு பவுண்டு தாங்கும் நரம்பு போதும். முடிச்சை நனைத்து இறுக்கு.

அப்பா