மெக்சிகோ கடைக்காரத் தம்பிகளுக்கு, ஒன்பதாம் நம்பர் மேசையிலிருந்து

தம்பிகளா,

போன சனிக்கிழமை ராத்திரி உங்கள் கடைக்குக் குடும்பத்தோடு வந்து போனவன் எழுதுகிறேன். ஒன்பதாம் நம்பர் மேசை, பெரிய தொப்பி போட்ட மீசைக்காரர் படத்துக்கு நேர் கீழே. நான், வீட்டுக்காரி, எட்டாவது படிக்கிற மகள், நாலாவது படிக்கிற பயல், 72 வயது அம்மா, கயத்தாறிலிருந்து வந்திருந்த மச்சினன், ஆக ஆறு பேர். கடைப் பெயரைச் சொல்லி வம்பிழுக்க எனக்கு ஆசை இல்லை. வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்து, ராத்திரி என்றால் பரோட்டா சால்னா தவிர வேறு எதையும் யோசிக்காத பாளையங்கோட்டையில் இப்படி ஒரு கடை போட நெஞ்சில் தைரியம் வேண்டும். பிடிக்காத கடை என்றால் பேசாமல் போயிருப்பேன், இத்தனை நீளத்துக்கு உட்கார்ந்து எழுத மாட்டேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கூட்டிப் போகிறேன் என்று மகளிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். அவள் ரெண்டு மாதமாக டாக்கோ, டாக்கோ என்று, கறியோ காயோ உள்ளே வைத்து மடித்த அந்த மெக்சிகோ ரொட்டியை, போனில் வீடியோவாகப் பார்த்துக் கொண்டிருந்தாள். அம்மா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள், புரட்டாசிச் சனி, ஒருபொழுது விட்டு இட்லி சாப்பிட்டுப் படுத்துக்கொள்கிறேன் என்றாள். ‘ஆச்சி, அங்க சைவமும் இருக்கு, பயறுதான் மெயினு’ என்று பேத்தி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

உள்ளே நுழைந்ததும் முதல் சங்கடம் வெளிச்சம். மெழுகுவத்தி அளவுக்கு ஒரு விளக்கு, மெனு 14 பக்கம், ஒரு எழுத்து தமிழில் இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள், பிறகு மெனுவை மடக்கி விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் உங்கள் பையன் ஆளுக்கு ஒரு முள்கரண்டி, ஒரு கத்தி, அது போக ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை கொண்டுவந்து வைத்தான். அம்மா அந்தக் கையுறையை ரெண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘ஏல, ஆப்பரேசனா பண்ணப் போறாவ?’ என்றாள். பக்கத்து மேசை வரைக்கும் சிரித்துவிட்டார்கள். கை கழுவ எங்கே என்று கேட்டால் கழிவறைக்குள்ளே இருக்கிறது என்றான். ஊரில் பத்துப் பேர் உட்காருகிற இட்லிக் கடையில்கூட வாசலில் ஒரு குழாயும் சோப்பும் இருக்கும், தம்பி. டாக்கோ அந்த ஊரிலும் கையால் எடுத்துத் தின்கிற பண்டம்தானே.

தெருச் சாப்பாடு என்று போர்டில் போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். மெக்சிகோ சிட்டியில் எல் கலிஃபா டி லியோன் என்று ஒரு கடை இருக்கிறது, 2024-ல் அதற்கு மிச்செலின் நட்சத்திரம் கொடுத்தார்கள், உலகத்தில் நல்ல ஓட்டல்களுக்குக் கொடுக்கிற பெரிய மரியாதை அது. ஒரு சின்ன அறை, அடுப்பு, நின்றுகொண்டே சாப்பிடுகிற கூட்டம். மெனுவில் நாலே நாலு டாக்கோ. நீங்கள் 14 பக்கம் போட்டு, அதில் பாதி ‘இன்னைக்கு இல்ல சார்’ என்கிறீர்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். முதலில் வந்தது முறுகல் டாக்கோ. பயல் ஒரு கடி கடித்தான், கூடு ரெண்டாகப் பிளந்து உள்ளே இருந்ததெல்லாம் சட்டையில். அம்மா தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள்: ‘அப்பளத்த மடிச்சு உள்ள கூட்டு வச்சிருக்காவ. கூட்டு நல்லாருக்கு.’ அந்த மாதிரி அச்சில் வார்த்த முறுகல் கூடு அமெரிக்கக் கம்பெனிகள் பரப்பியது என்று நான் படித்ததைச் சொன்னேன். மெக்சிகோ தெருவில் பெரும்பாலும் மெத்தென்ற சின்ன ரொட்டிதான், கல்லிலிருந்து சுடச்சுட எடுத்து, கறியை வைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து கையில் கொடுப்பார்கள். கொத்தமல்லியும் எலுமிச்சையும் இல்லாமல் நமக்கு மட்டும் எந்த ரசத்துக்கு விடிகிறது, நீங்களே சொல்லுங்கள்.

மெத்தென்ற டாக்கோவும் உங்களிடம் இருந்தது. அதை எடுத்ததும் என் மச்சினன் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்றான். ரொம்ப நேரம் மென்றான். அவன் கயத்தாறுப் பக்கம் கரிசலில் மக்காச்சோளம் போடுகிறவன்.

‘அத்தான், இதுல சோளம் எங்கன இருக்கு?’

உங்கள் பையனைக் கூப்பிட்டுக் கேட்டோம். பாவம், நல்ல பையன், பொய் சொல்லத் தெரியவில்லை. ‘மைதா சார். பாக்கெட்ல வரும்.’

இதுதான் எனக்கு ஆறவில்லை. மெக்சிகோவின் வடக்கே கோதுமை ரொட்டியும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்ச் சாப்பாட்டின் அடிமரம் மக்காச்சோளம், பயறு, மிளகாய் மூன்றும்தான், 2010-ல் யுனெஸ்கோ அந்தச் சமையலை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும் பேச்சு சோளத்தைச் சுற்றித்தான். நீங்கள் கடை போட்டிருக்கிற இடத்திலிருந்து வண்டியை எடுத்து மதுரை ரோட்டில் போனால் கயத்தாறு, கோவில்பட்டி, அப்படியே கிழக்கே திரும்பினால் எட்டயபுரம், விளாத்திகுளம், வழியெல்லாம் மக்காச்சோளக் காடு. 2018-ல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோது மச்சினன் வீட்டில் அந்த வருடம் தீபாவளியே இல்லை (அந்தப் புழுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், சோளத்துக்குப் பின்னாலேயே ஐந்நூறு வருடம் கழித்து மோப்பம் பிடித்து வந்திருக்கிறது). விளைகிறதில் பெரும்பகுதி எங்கே போகிறது? கோழித் தீவனத்துக்கு. 2025-26-க்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய், அதாவது கிலோ 24. அன்றைக்கு நீங்கள் எங்களுக்குக் கொடுத்த ஒரு தட்டு நாச்சோஸ், அதாவது சோளச் சிப்ஸ், 260 ரூபாய். மச்சினன் அந்த பில்லை போட்டோ எடுத்து வைத்திருக்கிறான், எதற்கென்று தெரியவில்லை.

தீவன ரகம் வேறு, ரொட்டிக்கு நல்ல ரகம் வேறு என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் அந்த வித்தையில் பாதி சோளத்தில் இல்லை, சுண்ணாம்பில் இருக்கிறது. காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் மேல்தோல் கழன்று வரும், மாவு விரியாமல் சேரும், உள்ளே கட்டுண்டு கிடக்கிற நியாசின் சத்தும் உடம்புக்குக் கிடைக்கும். மெக்சிகோக்காரர்கள் இதைப் பல ஆயிரம் வருடமாகச் செய்கிறார்கள். ஐரோப்பாக்காரன் சோளத்தை மட்டும் கப்பலில் ஏற்றினான், சுண்ணாம்பை விட்டுவிட்டான், வடக்கு இத்தாலியில் சோளக்கூழை மட்டுமே குடித்த ஏழைகளுக்கு அந்த நியாசின் கிடைக்காமல் பெல்லாக்ரா என்கிற நோய் வந்து தோல் வெடித்தது. இதையெல்லாம் நான் அந்த மேசையில் அளந்துகொண்டிருந்தபோது அம்மா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து மேசையில் வைத்து, ‘இதா?’ என்றாள். அதேதான். ‘அப்ப தோலு கழண்டுரும்லா’ என்றாள் சாதாரணமாக.

காரத்துக்கு வருகிறேன். ‘ஃபேமிலின்னு சொன்னதால காரம் குறைச்சிருக்கோம் சார்’ என்றான் பையன். தம்பி, யாரிடம்? மிளகாயே அந்த நாட்டுச் சரக்கு. போர்ச்சுகீசியர் கொண்டுவந்து இறக்குவதற்கு முன்னால் நமக்குக் காரமென்றால் முக்கியமாக மிளகுதான், அதனால்தான் வந்தவனுக்கு மிளகுக் காய் என்று பெயர் வைத்தோம். அங்கே ஒரு மிளகாய்க்குப் பச்சையாக இருந்தால் ஹாலப்பினோ என்று ஒரு பெயர், அதையே பழுக்கவிட்டுப் புகை போட்டுக் காயவைத்தால் சிபோட்லே என்று இன்னொரு பெயர். நாம் மிளகாய் என்போம், காய்ந்தால் வத்தல் என்போம். வினிகர் பாட்டிலில் மிதக்கிற ஹாலப்பினோவை ஆளுக்கு நாலு வில்லை எண்ணி வைப்பதற்குப் பதில், விளாத்திகுளத்து வத்தலை வறுத்து, தக்காளியை நெருப்பில் சுட்டு, அம்மியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் அதுதான் சல்சா. அவர்களிடமும் அம்மி இருக்கிறது, மெட்டாட்டே என்று பெயர், குழவி சகிதம். நெருப்புக்குக் கரி வேண்டுமானால் அதற்கும் பஞ்சமில்லை. நாம் திட்டித் தீர்க்கிற சீமைக் கருவேலம், நீதிமன்றம்வரை போய் வெட்டச் சொன்ன அந்த மரம், மெக்சிகோவில் மெஸ்கீட் என்று கறி சுடக் கரியாக்குகிறார்களே அந்த மரத்தின் நெருங்கிய சொந்தம். இங்கே காடாகக் கிடக்கிறது.

பயறு நன்றாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் எதில் வதக்கியது என்று கேட்டதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்த ஊர் வழக்கத்தில் அதைப் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள் என்று மகள் எங்கேயோ பார்த்துவிட்டு, ஆச்சி வாயருகே கொண்டுபோன நேரத்தில் உளறிவிட்டாள். சமையல்கட்டுக்குள் ரெண்டு தடவை ஆள் போய் வந்து, ‘ரீபைண்ட் ஆயில்தான்’ என்று சொல்வதற்குள் பத்து நிமிடம், அம்மா கரண்டியைக் கீழேயே வைத்துவிட்டாள். சனிக்கிழமை என்ன, மேலப்பாளையத்திலிருந்து வருகிற முஸ்லிம் குடும்பத்துக்கு எந்த நாளும் அந்தக் கேள்வி வரும். அங்கே கம்பியில் சுற்றுகிற ஷவர்மா இருக்கிறதே, லெபனான்காரர்கள் மெக்சிகோவுக்குக் கொண்டுபோய் விட்ட அதன் ஒன்றுவிட்ட தம்பிதான் உங்கள் மெனுவில் இருக்கிற அல் பாஸ்டோர். மெக்சிகோவில் அதற்குப் பன்றி, நீங்கள் கோழி போடுகிறீர்கள், நல்லது. அதை மெனுவில் தமிழில் ஒரு வரி எழுதிப் போடுங்கள், எண்ணெயையும் சேர்த்து.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் ஊருக்குப் போய், வீட்டுக்கென்று மருந்து படாமல் எடுத்து வைத்திருந்த சோளத்தில் ஐந்து கிலோ பஸ்ஸில் போட்டுவிட்டான். ஒரு கிலோவுக்கு ஒரு சின்னக் கரண்டிச் சுண்ணாம்பு, முக்கால் மணி நேரம் கொதி, அப்புறம் மூடி வைத்துவிட்டோம். காலையில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது, வீடெல்லாம் மழை நனைத்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஒரு வாசனை. அம்மா முக்காலியில் உட்கார்ந்து உளுந்து களைவது போல அரித்து அரித்துத் தோலைக் களைந்தாள். கிரைண்டரில் போட்டதுதான் தப்பு, தண்ணீர் விடாமல் கல் சுற்றவில்லை, விட்டால் மாவு இளகிவிட்டது. முதல் ரெண்டு ரொட்டி தோசைக்கல்லில் ஒட்டிப் பிய்ந்தது. பிறகு அம்மா கொஞ்சத்தை எடுத்து அம்மியில் கெட்டியாக அரைத்து வாழையிலைத் துண்டில் தட்டிப் போட்டாள். நாலாவது ரொட்டி உப்பியது, தம்பிகளா. பூரி மாதிரி இல்லை, ஒரு பக்கமாக மூச்சு விடுகிற மாதிரி. பயல் கத்தின கத்தலில் எதிர்வீட்டு மதினி ஓடி வந்தாள். சுட்ட தக்காளித் துவையலும் வெங்காயமும் வைத்து மடித்துத் தின்றோம். மாங்காயில் உப்பும் வத்தல் பொடியும் தூவியது தொட்டுக்கொள்ள. அதுவும் மெக்சிகோ தெருவில் விற்கிற பண்டம்தான், மாங்காய் இங்கிருந்து போனது, வத்தல் அங்கிருந்து வந்தது.

அதனால் கேட்கிறேன், வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், சோள ரொட்டி போடுங்கள். சனி வேண்டாம், கூட்டம். செவ்வாய், புதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருக்கார்த்திகைக்கு நாம் பனையோலைக்குள் மாவை வைத்து அவிக்கிறோம், அவர்கள் சோள மடலில் வைத்து அவித்துத் தமாலே என்கிறார்கள், ரெண்டையும் ஒரே தட்டில் வைத்து விற்றுப் பாருங்கள், பாளையங்கோட்டை வாங்குகிறதா இல்லையா என்று. நவம்பர் 2-ம் தேதி அங்கே இறந்தவர்களுக்குப் பண்டம் படைக்கிற நாள், இங்கே அதே தேதியில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடு போகிறவர்கள் உங்கள் தெரு வழியாகத்தான் திரும்பி வருவார்கள்.

கையுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாசலில் ஒரு குழாய் வையுங்கள். விளக்கை ஒரு சுற்றுக் கூட்டுங்கள், ஆச்சிமார்களுக்குத் தட்டில் இருப்பது தெரிய வேண்டும்.

மகளுக்கு அரையாண்டு டிசம்பரில். அதற்கு முன்னாலேயே வருவோம் என்று நினைக்கிறேன், அம்மாவுக்கு அந்தப் பயற்றை எண்ணெய் விவரம் தெரிந்தபின் முழுசாக ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். மூட்டுவலி, அதனால் வாசல் பக்கத்து மேசை. மிச்சம் மூன்றரைக் கிலோ சோளம் சமையலறையில் டப்பாவில் இருக்கிறது. வேண்டுமென்றால் வரும்போது கொண்டுவருகிறேன், சுண்ணாம்பு அம்மா கொண்டுவருவாள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் நம்பர் மேசைக்காரன்