பழைய குறிப்பேட்டில் ஒரு திருத்தம்

அன்புள்ள ராமலிங்கம்,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. பதில் எழுதாமல் இருந்ததற்கு மறதி காரணமன்று. ஆனி மாதத்தில் மாடிப்படியில் வழுக்கியபோது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன். தலை தப்பியது, வலது தோள் போயிற்று. மூட்டைச் சுற்றியிருக்கும் தசைநார் கிழிந்திருக்கிறது என்றும், அதற்கு ‘ரொட்டேட்டர் கஃப்’ என்று பெயர் என்றும் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து மருத்துவர் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டவுடன் எனக்கு யார் நினைவு வந்தது தெரியுமா? 2000 ஏப்ரல் 1 அன்று பெர்லினில், கிறிஸ் பேர்டுடன் ஒன்பது சுற்று ஆடிவிட்டு, அதே தசைநார் கிழிந்து, பத்தாவது சுற்றுக்கு எழுந்திருக்காமல் மூலையிலேயே உட்கார்ந்துவிட்ட உக்ரைன் குத்துச்சண்டை வீரன் விட்டாலி கிளிட்ச்கோவின் நினைவுதான்.

நம் நீலக் குறிப்பேட்டை மறந்திருக்க மாட்டாய். அண்ணன் விட்டாலியும் தம்பி விளாடிமிரும் 1996 நவம்பர் 16 அன்று ஹாம்பர்க்கில் ஒரே இரவில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குள் நுழைந்ததிலிருந்து, நாளிதழில் வந்த நான்கு வரிச் செய்தியைக்கூட விடாமல் வெட்டி ஒட்டினோமே, அதுதான். இருவரில் அண்ணனே சிறந்தவன் என்பது உன் கட்சி, தம்பியே என்பது என் கட்சி. பேர்டு சண்டையின் பக்கத்தில் நான் சிவப்பு மையில் ‘பயந்து ஓடிப்போனவன்’ என்று எழுதியிருந்தேன். நீ என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. டைப் வாத்தியார்தான் நம்மைச் சமாதானம் செய்து வைத்தார். அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். ஆனால் முழுவதும் தோற்றுவிட்டேன் என்று நீ முடிவு கட்டிவிடாதே.

சட்டையை ஒரு கையால் மாட்டிக்கொண்டு, மறுகையைச் சட்டைக் கைக்குள் விட முடியாமல் நடுவீட்டில் நின்ற நாள்கள் உண்டு. பிசியோதெரபியில் சுவரில் விரல்களை எறும்பு போல ஊர விட்டு மேலே ஏற்றச் சொல்வார்கள். தோள் உயரம் வரை ஏறும் கை, அதற்கு மேல் ஓர் அங்குலம் நகர மறுத்துவிடும். மனத்தில் துணிவு இருக்கிறதா இல்லையா என்று கை கேட்பதே இல்லை. இதே நிலையில் ஒருவன் பத்து அவுன்ஸ் கையுறையுடன் கையைத் தூக்கி எதிராளியின் முகத்துக்கு நேராக நீட்டி, மறுகணமே இழுத்துத் தன் முகத்தைக் காக்க வேண்டும் என்றால், அதை மூன்று நிமிடம் இடைவிடாமல் செய்ய வேண்டும் என்றால்! அன்று மூன்று நடுவர்களின் புள்ளிக் கணக்கிலும் விட்டாலி தெளிவாக முன்னிலையில் இருந்தான். மீதி மூன்று சுற்றுகளில் விழாமல் நின்றிருந்தாலே பட்டம் அவனுடையது. அந்த நிலையில் ஒருவன் எழவில்லை என்றால், அவன் எழுந்தும் பயனில்லை என்றுதான் பொருள். இருபது வயது கடந்த நமக்கு அன்று அது ஏன் விளங்கவில்லை என்பதை நினைத்து இப்போது வருந்துகிறேன்.

எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் உன் கட்சிக்குத்தான் பலம். விட்டாலி 47 சண்டைகளில் 45 வெற்றி, அவற்றில் 41 நாக்-அவுட், 2 தோல்வி. விளாடிமிர் 69 சண்டைகளில் 64 வெற்றி, அவற்றில் 53 நாக்-அவுட், 5 தோல்வி. இந்த 2, 5 என்ற எண்கள் ஒரே தராசில் நிற்பவை அல்ல என்பதை இப்போதுதான் உணர்கிறேன். விட்டாலியின் முதல் தோல்வி தோளால் வந்தது. இரண்டாவது 2003 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் லெனாக்ஸ் லூயிஸிடம் வந்தது. மூன்றாவது சுற்றில் இடது கண்ணுக்கு மேல் கிழிந்து, ஆறாவது சுற்று முடிந்ததும் மருத்துவர் நிறுத்திவிட்டார். அப்போதும் மூன்று நடுவர்களின் கணக்கும் 58–56 என்று அவன் பக்கமே இருந்தது. நிறுத்தியதும் அவன் கத்திய கத்தலை மேல்வீட்டுத் தொலைக்காட்சியில் நாம் பார்த்தோமே, பயந்து ஓடுகிறவன் அப்படியா கத்துவான்? தொழில்முறை வாழ்க்கையில் ஒருமுறைகூட அவன் தரையில் விழுந்ததில்லை.

என் விளாடிமிரோ விழுந்துகொண்டே இருந்தவன். கீவில் ராஸ் ப்யூரிட்டி 1998-இல் பதினொன்றாவது சுற்றில் நிறுத்தினான். ஹனோவரில் 2003 மார்ச்சில் கோரி சாண்டர்ஸ் இரண்டே சுற்றுகளுக்குள் நான்கு முறை சாய்த்தான். அடுத்த ஆண்டு லாஸ் வேகாஸில் லேமன் ப்ரூஸ்டர். இதையெல்லாம் நீ விரல் மடக்கி எண்ணும்போது நான் வாய்மூடி இருந்ததுண்டு.

ஆனாலும் என் கருத்து மாறவில்லை. வரலாற்றில் நிற்கும் பதிவு தம்பியுடையதே. ப்ரூஸ்டரிடம் விழுந்தபோது அவனுக்கு இருபத்தெட்டு வயது. அடி தாங்காத கண்ணாடித் தாடை என்று உலகமே தீர்ப்பு எழுதிவிட்டது. அடுத்த ஆண்டு சாமுவேல் பீட்டர் மூன்று முறை தரையில் தள்ளியும், எழுந்து நின்று பன்னிரண்டு சுற்று ஆடி வென்றான் பார், அங்கேதான் அவன் மறுபடி பிறந்தான். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்ட் அவனுடைய இடது கை நேர்க்குத்தான ஜாபையே ஈட்டியாக்கி, நெருங்கி வந்தவனைக் கட்டிப்பிடித்து அழுத்திவிடும் முறையையும் பழக்கினார். பார்ப்பதற்குச் சலிப்பாக இருக்கிறது என்று நீ எத்தனை முறை குறைப்பட்டிருக்கிறாய்! 2013-இல் மாஸ்கோவில் பொவெட்கினுடன் ஆடியதை நானும் ரசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2006 ஏப்ரல் முதல் 2015 நவம்பர் வரை ஒன்பதரை ஆண்டுகள், தொடர்ந்து 18 முறை பட்டத்தைக் காத்தவனைச் சலிப்பு என்ற ஒரு சொல்லால் தள்ளிவிட முடியுமா? அவர்கள் ஆடிய மிகு எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் அவனைவிட நீண்ட ஒரே ஆட்சி ஜோ லூயிஸுடையது. விட்டாலிக்கு முழங்காலும் முதுகும் நான்கு ஆண்டுகளைத் தின்றுவிட்டன. அது அவன் குற்றமில்லை, ஆனால் ஆடாத சண்டையைப் பதிவில் சேர்க்க முடியாதே.

படுத்துக் கிடந்த நாள்களில் குறிப்பேட்டை முதலிலிருந்து புரட்டியபோது நம் இருவர் கண்ணிலும் படாத ஒன்று பட்டது. பேர்டு அண்ணனிடமிருந்து கொண்டுபோன பட்டத்தை ஆறே மாதத்தில் கொலோனில் பறித்து வந்தவன் தம்பி. தம்பியை நிறுத்திய ப்யூரிட்டியை 2001-இல் அதே பதினொன்றாவது சுற்றில் நிறுத்தியவன் அண்ணன். தம்பியைச் சாய்த்த சாண்டர்ஸை 2004 ஏப்ரலில் எட்டாவது சுற்றில் முடித்து, உலகக் குத்துச்சண்டை மன்றத்தின் (டபிள்யூ.பி.சி.) பட்டத்தையும் வாங்கியவன் அண்ணனே. தம்பியை மூன்று முறை தள்ளிய பீட்டர், 2008-இல் அண்ணனிடம் எட்டுச் சுற்றுக்கு மேல் வர மறுத்துவிட்டான். நாம் இரண்டு பட்டியலாகப் பிரித்து எழுதியதை அவர்கள் ஒரே குடும்பக் கணக்காக நடத்தியிருக்கிறார்கள். 2011 ஜூலையில் டேவிட் ஹேயை விளாடிமிர் வென்ற பிறகு பெரிய பட்டங்கள் நான்கும் அந்த ஒரு வீட்டுக்குள்தான் இருந்தன. ஒருவரோடு ஒருவர் மோத மாட்டோம் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கை இருவரும் காத்தார்கள். ஆகையால் நம் வழக்கைத் தீர்த்து வைக்க அவர்களும் வரப்போவதில்லை.

உனக்கு ஒரு கேள்வி விட்டுவைக்கிறேன். 2017 ஏப்ரலில் வெம்ப்லியில், நாற்பத்தொரு வயதில், ஐந்தாவது சுற்றில் விழுந்து எழுந்து, ஆறாவதில் ஆண்டனி ஜோஷுவாவைத் தரையில் கிடத்திய விளாடிமிரின் தோல்வியையும், நீ உன் கணக்கில் வெறும் ஒரு தோல்வி என்றுதான் போடுவாயா? விட்டாலியின் இரண்டுக்கும் நான் இப்போது காட்டும் நியாயத்தை அந்த ஒன்றுக்கு நீ காட்ட வேண்டும். கடிதத்தில் பூசி மெழுகாமல் நேராகப் பதில் எழுது.

பாஸ்கரன் மகள் திருமணத்துக்குக் கை சரியாகாவிட்டாலும் வருவேன். குறிப்பேட்டையும் பையில் வைத்துவிட்டேன். 2000 ஏப்ரல் பக்கத்தில் அந்தச் சிவப்பு மை இன்னும் மங்கவில்லை. நானே அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். கோடு நேராக வரவில்லை. நீ உன் கையால் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘தோள்’ என்று மட்டும் எழுதிக் கொடு.

அன்புடன்,
சுந்தரம்