ஆர்க்டிக்கும் டாலஸ் குளிரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆர்க்டிக் கட்டுரையில், 2021 பிப்ரவரியில் டெக்சாஸை உறைய வைத்த குளிருக்கு வடதுருவம் சூடாவதே காரணம் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்தக் குளிரில் டாலஸில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 16 காலையில் மைனஸ் 19 டிகிரி. எழுபது வருடமாக இந்த ஊர் பார்க்காத குளிர். ஹாலில் போர்வைகளைக் கட்டிக் கூடாரம் மாதிரி செய்து நான்கு பேரும் அதற்குள் ஒண்டிக்கொண்டோம். கொல்லையில் கிடந்த பனியை அண்டாவில் அள்ளி வந்து கழிவறைக்கு வைத்துக்கொண்டோம். மாடியில் குழாய் வெடித்திருந்தது பனி உருகிய பிறகுதான் தெரிந்தது. சமையலறைக் கூரை பொத்துக்கொண்டு ஊற்றியது.

சரி, காரணத்துக்கு வருகிறேன். 1979 முதல் ஆர்க்டிக் உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பனி போய், அதை உறிஞ்சும் கறுத்த கடல்நீர் வெளியே தெரிவது அதற்கு ஒரு காரணம். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. சண்டை அடுத்த படியில்தான். துருவத்துக்கும் தெற்கே உள்ள நிலப்பகுதிக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்தால், மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று தளர்ந்து, பாம்பு மாதிரி வளைந்து நெளியும், வெயிலோ குளிரோ ஒரே இடத்தில் நின்றுவிடும் என்று 2012-இல் ஜெனிஃபர் ஃபிரான்சிஸ், ஸ்டீவன் வாவ்ரஸ் என்ற விஞ்ஞானிகள் எழுதினார்கள். ஜூடா கோஹன் என்ற விஞ்ஞானியின் குழு 2021-இல், ஆர்க்டிக்கின் பேரண்ட்ஸ், காரா கடல்களில் பனிக்கட்டி குறைவதும் சைபீரியாவில் பனிப்பொழிவு கூடுவதும் துருவச் சுழலை, அதாவது குளிர்காற்றைத் துருவத்துக்கு மேலே கட்டி வைத்திருக்கும் காற்று வளையத்தை, இழுத்து நீட்டுகின்றன என்றது. டெக்சாஸ் குளிரையும் அதோடு சேர்த்துக் காட்டியது. ஆனால் அதற்கு முந்தைய வருடமே பிளாக்போர்ட், ஸ்கிரீன் என்ற இருவர், ஆர்க்டிக் சூடாகிக்கொண்டே போகும்போதும் ஜெட் காற்றின் நெளிவு கூடவில்லை என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். இன்னும் தீராத வழக்கு இது. வட அமெரிக்காவில் கடுங்குளிர் நாட்கள் மொத்தத்தில் குறைந்துதான் வருகின்றன என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

இது சின்ன விஷயமில்லை ஐயா. அந்த வாரம் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், "இவ்வளவு குளிர் அடிக்குதே, பூமி எங்கே சூடாகுது?" என்று கேட்டார்கள். அவர்களிடம் தீராத ஒன்றைத் தீர்ந்ததாகச் சொன்னால், நாளை ஒரு புது ஆய்வு மாற்றிச் சொல்லும்போது, துருவம் சூடாவதையே பொய் என்பார்கள்.

அப்புறம், இன்னொன்று. குளிர் எங்கிருந்து வந்திருந்தாலும் அது 246 பேரைக் கொண்டுபோனதற்குக் காரணம் தரையில் இருந்தது. எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் உறைந்தன, 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. 2011-லும் இதேபோல் குளிர் அடித்து, இயந்திரங்களைக் குளிருக்குத் தயார்படுத்துங்கள் என்று அறிக்கையே வந்தது. பத்து வருடம் கிடைத்தும் செய்யவில்லை. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு வருத்தம். அடுத்த இதழிலாவது எழுதச் சொல்லுங்கள். நாங்கள் இப்போது நவம்பர் பிறந்ததும் வெளிக்குழாய்க்கெல்லாம் உறை மாட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, டாலஸ்