பாதிதான் காக்கும் என்று சொன்னதற்காக: டாக்டர் ககன்தீப் காங்குக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியலாளர் கழகத்துக்கு நீங்கள் தேர்வானபோது பத்திரிகைகள் கொண்டாடின. சந்தோஷம்தான். ஆனால் நான் எழுத நினைத்தது அதற்கு வெகுகாலம் முன்பே வேலூரின் நெருக்கமான தெருக்களில் நீங்களும் உங்கள் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) குழுவும், குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸை அறியச் செய்த வேலையைப் பற்றி.

373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்தீர்கள். வாரம் இருமுறை வீட்டுக்குப் போய் விசாரிப்பது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி எடுப்பது, பேதி கண்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது. கைக்குழந்தை உள்ள வீட்டில், குழந்தையும் தாயும் அசந்து தூங்கும் நேரமாகப் பார்த்துத்தான் யாராவது கதவைத் தட்டுவார்கள். அப்படியும் அந்தத் தாய்மார்கள் மூன்று வருடம் கதவைத் திறந்திருக்கிறார்கள் என்றால், களப்பணியாளர்கள் எப்படிப் பேசிப் பழகியிருக்க வேண்டும்! ஆய்வகக் கருவிகளைவிட எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

2011இல் வெளியான முடிவு சங்கடமானது. மெக்சிகோவில் முன்பு நடந்த இதே போன்ற ஆய்வில், இரண்டு முறை ரோட்டா வைரஸ் தொற்றிய குழந்தைகளுக்கு அதன்பின் அந்த வைரஸால் கடுமையான பேதி வரவில்லை. வேலூரிலோ பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆறு மாதத்துக்குள்ளேயே வைரஸ் பிடித்துவிட்டது. மூன்று முறை தொற்றிய பிறகும் மிதமான, கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79%தான். இயற்கையாக வரும் தொற்றே முழுதாகக் காக்காத இடத்தில் தடுப்புச் சொட்டு மருந்து மட்டும் முழுதாகக் காத்துவிடுமா?

காக்கவில்லை. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளைச் சேர்த்து ரோட்டாவாக் என்ற இந்தியத் தடுப்பு மருந்தைச் சோதித்தபோது, கடுமையான ரோட்டா பேதிக்கு எதிரான திறன் 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. பணக்கார நாடுகளில் இதே வகை மருந்துகள் 85க்கு மேல் காட்டுகின்றன. ‘பாதிதானா?’ என்று உதட்டைப் பிதுக்குபவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது உங்கள் குழுவும் சேர்ந்து போட்ட இன்னொரு கணக்கை: மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் ரோட்டா வைரஸால் இறந்தார்கள், எட்டு லட்சத்துக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இதில் பாதி என்றால் எவ்வளவு என்று அவர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம், நம் குழந்தைகளின் குடலில் ஏன் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்ற கேள்வி. தாய்ப்பாலில் வரும் எதிர்ப்புப் பொருள்களா, கூடவே குடியிருக்கும் மற்ற கிருமிகளா, ஓயாத தொற்றால் குடலின் சுவரே மாறிப்போனதா? மருந்தோடு துத்தநாகமும், குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்களான புரோபயாடிக்கும் கொடுத்துப் பார்த்தீர்கள், பெரிய மாற்றமில்லை. பேதி உண்டாக்கும் இன்னொரு கிருமியான கிரிப்டோஸ்போரிடியம் பற்றிய ஆய்வில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்குக் குடிக்க பாட்டில் தண்ணீர் கிடைத்தும் தொற்று குறையவில்லை. குடிநீரைச் சுத்தம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுபவர்களுக்கு இது பிடிக்காத செய்தி. கையில், தரையில், சாக்கடையில், பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் என்று கிருமிக்கு ஆயிரம் வழி. இந்த மாதிரி ‘பலிக்கவில்லை’ என்ற முடிவுகளையும் ஒளிக்காமல் அச்சில் ஏற்றினீர்கள் பாருங்கள், அதனால்தான் நீங்கள் ‘இது பாதுகாப்பானது’ என்று சொல்லும்போது நான் நம்புகிறேன்.

2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய ரோட்டா சொட்டு மருந்து அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்தது. இன்று ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாங்கிப் போகிற எத்தனை பேருக்கு அதன் பின்னால் உள்ள வேலூர்த் தெருக்களைத் தெரியும்?

ஒரு வேண்டுகோள். அந்த 373 பேரும் இன்று இருபது வயதைத் தாண்டியிருப்பார்கள். சிலருக்குச் சொந்தக் குழந்தைகூட இருக்கலாம். அவர்களிடமிருந்து என்ன எடுத்தீர்கள், அதிலிருந்து என்ன தெரிந்தது, எது தெரியாமலே போனது என்று தமிழில், அவர்கள் படிக்கிற மாதிரி ஒரு சிறு புத்தகம் எழுத வேண்டும். உங்கள் களப்பணியாளர்களையும் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அவர்கள் எழுதும் பகுதி நீளமாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்