தோல்பள்ளி அல்ல, தொல்பல்லி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பல்லிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'பல்லி விழும் பலன்' தவிர வேறொரு காரியத்துக்காகப் பல்லிக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் கொடைக்கானல் பல்லியின் பெயரை 'தோல்பள்ளி' என்று அச்சடித்துவிட்டீர்கள். "தோல் பதனிடக் கற்றுத்தருகிற பள்ளிக்கூடமா?" என்று என் மனைவி கேட்டாள்.

அது தொல்பல்லி. தொல்காப்பியத்தில் இருக்கிற அதே 'தொல்'. அந்தச் சிற்றினத்தை 2019-இல் விவரித்த ஆய்வாளர்கள், பழமையான பல்லி என்ற பொருளில் தமிழிலிருந்தே எடுத்து வைத்த பெயர் அது: திராவிடோகெக்கோ தொல்பல்லி. ஆங்கில எழுத்துக்குப் போய்த் திரும்பி வந்ததில் தொல் தோலாகி, பல்லி பள்ளியாகிவிட்டது.

இன்னொன்று. '2019-இல் ஆறு புதிய பல்லி இனங்கள் தோன்றின' என்று ஒரு வரி. இதைப் படித்ததும்தான் பேனாவை எடுத்தேன்.

நான் ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் 1979 முதல் 31 வருடம் உதவியாளராக இருந்தவன். பட்டம் எதுவும் கிடையாது. புட்டி கழுவுவது, உடல்கள் கெடாமல் ஊறவைக்கிற ஃபார்மலின் திரவத்தை மாற்றுவது, சீட்டு எழுதி ஒட்டுவது, இவைதான் வேலை. நான் சேர்வதற்கு முன்பே அலமாரியின் மேல்தட்டில் ஒரு பல்லி இருந்தது. மாணவர்களைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனபோது பிடித்து வந்ததாம். சீட்டில் 'திராவிடோகெக்கோ அனமல்லென்சிஸ்' என்று எழுதியிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் பேராசிரியர் கூப்பிட்டு, "இதை ஹெமிடாக்டைலஸ் என்று மாற்றிவிடு" என்றார். அதாவது நம் வீட்டுச் சுவரில் கத்துகிற பல்லியின் பேரினத்தில் (நெருங்கிய சிற்றினங்களின் கூட்டத்தில்) இதையும் சேர்த்துவிட்டார்களாம், 1995-இல். பழைய சீட்டின் மேலேயே புதுச் சீட்டை ஒட்டினேன். நான் ஓய்வுபெற்ற பிறகு, 2013-இல் டிஎன்ஏவைப் பார்த்துவிட்டு, இல்லை, இது வீட்டுப்பல்லிக் கூட்டத்துக்குப் பக்கத்து உறவுதான், அதற்குள் அடங்காது என்று திரும்பத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். மூன்றாவது சீட்டை எனக்குப் பின் வந்த தம்பி ஒட்டினார்.

இந்தப் பல்லி இப்படி வீடு மாறுவது புதிதல்ல. 1875-இல் விலங்கியலாளர் குந்தர் ஆனைமலையின் பெயரை வைத்து முதலில் விவரித்தபோது அதன் பேரினம் 'கெக்கோ'. பத்து வருடம் கழித்து இன்னொரு விலங்கியலாளரான பூலாஞ்சர் அதை நியூசிலாந்துப் பல்லிகளோடு கொண்டுபோய் வைத்தார்! நியூசிலாந்துப் பல்லிகள் குட்டி போடுபவை, குடும்பமே வேறு. ஆனைமலைக்கும் அங்கேயும் என்ன சம்பந்தம் என்றால், விரல்தான். இரவில் ஜன்னல் கண்ணாடியில் வீட்டுப்பல்லி ஒட்டியிருக்கும்போது மறுபக்கம் நின்று பாருங்கள். விரலுக்கு அடியில் உள்ள மடிப்புகள் நடுவில் பிளந்து ஜோடி ஜோடியாக இருக்கும். இந்த மலைப்பல்லிக்கு அவை பிளவுபடாமல் ஒரே பட்டையாக இருக்கும். நியூசிலாந்துப் பல்லிக்கும் அப்படித்தான். அதை வைத்து உறவு கட்டிவிட்டார்கள். 1933-இல்தான் ஊர்வன ஆய்வாளர் மால்கம் ஸ்மித் இதைப் பிரித்து 'திராவிடோகெக்கோ' என்று தனிப் பேரினம் ஆக்கினார்.

விரலை நம்பி மோசம் போனதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது கையில் இருந்தது அதுதான். ஆனால் ஒட்டுகிற விரல் என்பது பல்லிகளில் ஒரே ஒரு முறை உண்டாகி வழிவழியாக வந்த சொத்து அல்ல. 2012-இல் வந்த ஓர் ஆய்வு, அது தனித்தனியாகப் 11 முறை உருவாகி, 9 முறை இழக்கப்பட்டிருக்கிறது என்று கணக்குச் சொல்கிறது. ஒரே மாதிரி மீசை வைத்திருப்பவர்கள் எல்லாம் பங்காளிகள் ஆகிவிடுவார்களா?

சரி, அந்த ஆறு புதிய இனங்களுக்கு வருகிறேன். அதுவரை ஒரே பல்லி என்று நினைத்திருந்தது மலைக்கு மலை வேறு என்று 2019-இல் தெரிந்தது. மேகமலையில் ஒன்று, மாஞ்சோலையில் ஒன்று, கொடைக்கானலில் ஒன்று. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் பெயரில்கூட ஒன்று இருக்கிறது. டிஎன்ஏவோடு, ஆண் பல்லியின் தொடைக்கு அடியில் வரிசையாக இருக்கும் துளைகளையும் எண்ணிப் பார்த்துப் பிரித்தார்கள். 2019-இல் தோன்றியது பெயர்கள்தான். பல்லிகள் லட்சக்கணக்கான வருடங்களாக அங்கேயே இருக்கின்றன. எங்கள் புட்டியில் 40 வருடத்துக்கு மேலாக ஊறிக்கொண்டிருப்பதும் தொல்பல்லியாகவே இருக்கலாம். ஆகவே 'தோன்றின' என்பதை 'அடையாளம் காணப்பட்டன' என்று திருத்திப் போடுங்கள்.

படத்தையும் மாற்றுங்கள். நீங்கள் போட்டிருப்பது வெளிநாட்டில் வளர்ப்புப் பிராணியாக விற்கிற சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி. அது கண்ணை மூடித் தூங்குகிற ஜாதி, கண்ணிமை உண்டு. நம் பல்லிக்கு இமையே கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கு ஒட்டுகிற விரலும் இல்லை. அந்தக் குடும்பமே தனி.

போன மாதம் கல்லூரிப் பக்கம் போயிருந்தேன். புட்டியில் ஃபார்மலின் பாதிக்குக் கீழே இறங்கி, பல்லியின் தலை வெளியே தெரிந்தது. ஊற்றி நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகு வைத்தேன். ஃபார்மலினில் ஊறிய உடம்பிலிருந்து டிஎன்ஏ எடுப்பது லேசில்லை, துளைகளைத்தான் எண்ண வேண்டும் என்றார் துறைத்தலைவர். பூதக்கண்ணாடியோடு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். நான்காவது சீட்டுக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
வத்தலக்குண்டு