புட்டு சாப்பிடாமல் விட்ட நாள்

முரசுமோட்டை,
வைகாசி, வெள்ளிக்கிழமை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. கண்ணில் வெள்ளை எடுத்தது நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும் பெரிய ஆறுதல். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. கொஞ்ச நாளைக்குக் குனிந்து பாரம் தூக்காதே. வைக்கோல் கட்டைக் கண்டால் உன் கை சும்மா இராது என்று எனக்குத் தெரியும். உடனே பதில் போடாததற்குக் கோபிக்காதே. இங்கே புட்டுவுக்குச் சுகமில்லை. இந்த மூன்று கிழமையும் அதோடுதான் போயிற்று.

புட்டுவை மறந்திருக்க மாட்டாய். பேத்தியின் கினிப்பன்றி. பெயரில்தான் பன்றி, எலிச் சாதியில் ஒரு சின்னப் பிராணி. குரக்கன் புட்டின் மேல் தேங்காய்ப்பூ தூவிய மாதிரி இருக்கிறது என்று அவள்தான் பெயர் வைத்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. இப்போது யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று உயர்தரம் படிக்கிறாள். புட்டுவுக்கு ஆறரை வயது. இந்தச் சாதி ஐந்திலிருந்து எட்டு வருடம் வரை இருக்கும், ஆகவே நன்றாக முதிர்ந்த கிழவி. வலது கண்ணில் உனக்கு இருந்தது போலவே வெள்ளை படர்ந்திருக்கிறது. பின்னங்கால் நகங்கள் வளைந்துவிட்டன. மற்றப்படி போன மாதம் வரை ஒரு குறையும் இல்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு காலை, வாய்க்கால் கரையில் கினிப்புல் அரிந்துகொண்டு வந்தேன். வழக்கமாகச் சாக்கு சரசரத்தாலே வீடு அதிரக் கூவும். குசினியில் நிற்கும் என் மனிசிக்கு நான் வந்துவிட்டேன் என்று அந்தச் சத்தத்தில்தான் தெரியும். அன்று சத்தமே இல்லை. மூலையில் உடம்பைக் குறுக்கி, மயிர் சிலிர்த்து, கண் பாதி மூடியபடி இருந்தது. புல்லை மூக்கடியில் வைத்தேன். மணந்து பார்த்தது, வாய் வைக்கவில்லை.

நீ மாட்டோடு வளர்ந்தவன், சொன்னால் விளங்கும். அசைபோடாத மாட்டை விடியட்டும் என்று விட்டுவைப்போமா? இது அசைபோடுகிற பிராணி இல்லை, ஆனால் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். புல் உள்ளே போகாவிட்டால் குடல் நின்று வாயு கட்டிவிடும். ஒரு நாள் பட்டினியே உயிருக்கு ஆபத்து. காட்டில் மற்றதுக்கு இரையாகிப் பிழைத்த இனம் என்பதால் நோவை வெளியே காட்டவும் மாட்டாது. நம் கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே பல நாளாகியிருக்கும்.

மா நிறுக்கிற தராசில் வைத்தேன். 815 கிராம். ஞாயிறுதோறும் நிறுத்துக் கலண்டரில் எழுதுவது பேத்தி பழக்கிவிட்டுப் போன வேலை. கடைசியாக எழுதியிருந்தது 940. அதற்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிறும் விதைப்பு மும்முரத்தில் நான் நிறுக்கவில்லை. நிறுத்திருந்தால் நிறை இறங்குவது முன்னமே தெரிந்திருக்கும். கலண்டரில் அந்த இரண்டு வெறும் கட்டங்களையும் பார்க்கும்போது இப்பவும் மனம் பொறுக்குதில்லை.

அடுத்த பிழையையும் சொல்லிவிடுகிறேன், நல்லகாலம் அது நடக்கவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலுக்குக் கொடுத்த அமொக்சிசிலின் பாணி மிச்சம் இருந்தது. பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்துதானே, ஒரு சொட்டுக் கொடுத்தால் என்ன என்று சிரிஞ்சில் எடுத்தும் விட்டேன். அந்த நேரம் பேத்தி ஃபோன் எடுத்தாள். சொன்னதும் கத்தினாள். "அப்பப்பா, அதைக் குடுக்காதேங்கோ! குடுத்தா செத்துப்போகும்!" அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று டொக்டர் பிறகு விளக்கினார். அமொக்சிசிலின், பென்சிலின் வகை மருந்துகளை வாயால் கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, நஞ்சு சுரக்கிற கெட்ட கிருமி பெருகிவிடும். சில நாளிலேயே ஆள் முடிந்துவிடலாம். மனிதருக்கும் மாட்டுக்கும் தினமும் கொடுக்கிற மருந்து இதற்கு நஞ்சு. உன் பக்கத்தில் யாராவது முயலோ இதுவோ வளர்த்தால் இதை முதலில் சொல்லிவை. முயலுக்கும் அதே கதைதான்.

முதலில் போன மிருக வைத்தியசாலையில் கூடையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதுக்கெல்லாம் மருந்தில்லை ஐயா" என்று அனுப்பிவிட்டார்கள். ஆடு மாட்டுக்கே ஆள் போதாத இடம், தெரியும். ஆனாலும் ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கலாம். அடுத்த நாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் வெளிக்கிட்டேன். வெயில் ஏற முன்னம் போய்விட வேண்டும், 30 பாகைக்கு மேல் போனாலே இதுக்குத் தாங்காது. மனிசி பனையோலைக் கடகத்தில் துவாய் விரித்து, தண்ணீர்ப் போத்தலைப் பிரிட்ஜில் உறைய வைத்து, துணியில் சுற்றி ஒரு பக்கம் வைத்துத் தந்தாள். ஆனையிறவு தாண்டும்போது உப்புக் காற்றுக்கு மூக்கைத் தூக்கிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "முயலோ தம்பி?" என்று கேட்டுவிட்டு, வருத்தம் என்று அறிந்ததும் முந்தானையால் கடகத்துக்கு வெயில் மறைத்துக்கொண்டே வந்தா.

அங்கே ஒரு பெண் டொக்டர், பேராதனையில் படித்துவந்த பிள்ளை. குழாயை நெஞ்சில் வைத்துவிட்டு எனக்கும் கேட்கத் தந்தார். மச்சான், எண்ணவே முடியாது. நிமிடத்துக்கு 230 தொடக்கம் 380 வரை அடிக்குமாம். மழைக்காலத்தில் தகரக் கூரையில் விழுகிற சத்தம் போல இருந்தது. பல்லைப் பார்த்தார், பல் நல்லது. வயிற்றைத் தடவிக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். புட்டு மெல்ல முனகியது. எக்ஸ்றேயில் சலப்பையில் உழுந்தளவு ஒரு கல்.

காரணத்தைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. முருங்கையிலை நல்ல சத்து என்று நான் தினமும் ஒரு கொத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மற்றப் பல பிராணிகள் உடம்புக்குத் தேவையான அளவு சுண்ணாம்புச் சத்தைத்தான் உணவிலிருந்து எடுக்கும். கினிப்பன்றி கிடைப்பதையெல்லாம் உள்ளே எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சலத்தோடு வெளியே விடும். முருங்கையிலையில் சுண்ணாம்பு நிறைய. வயது போகப் போக, தண்ணீரும் குறைவாகக் குடிக்க, அது சலப்பையில் தங்கிக் கட்டியாகிறது. பிறகு வீட்டில் பழைய வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தேன். அது சலம் விட்ட இடம் காய்ந்ததும் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டின மாதிரி வெள்ளைத் திட்டு. விரலால் தேய்த்தால் நறநறவென்கிறது. நடுவில் மெல்லிய சிவப்பு. ஆறு வருடமாகப் பாசத்தோடு ஊட்டியதைத்தான் துணியில் பார்க்கிறேன் என்று நெஞ்சு கனத்துப்போயிற்று.

வெட்டி எடுக்கலாமா என்று கேட்டேன். இளம் பிராணி என்றால் யோசிக்காமல் செய்யலாம், இந்த வயதில், சாப்பிடாமல் மெலிந்திருக்கிற நிலையில் மயக்க மருந்தே பெரிய கண்டம் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். பெண் என்றபடியால் சிறிய கல் தானாக வெளியே வரவும் இடமுண்டு. நோவுக்கு மருந்து, கிருமிக்கு இதுக்கு ஒத்துக்கொள்கிற வேறு மருந்து, நிறையத் தண்ணீர்ச் சத்து, வாயால் ஊட்டல். இரண்டு கிழமை பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. கத்திக்குப் பயந்து எடுத்த முடிவில்லை, அது தாங்குமா என்று யோசித்து எடுத்த முடிவு.

ஊட்டுவது ஒரு கலை. முயலுக்கு விற்கிற தீவனக் குளிசையைத் தண்ணீரில் ஊறவிட்டு மசித்து, அவித்த பூசணி கொஞ்சம் சேர்த்துக் கூழாக்குவது. சிரிஞ்சின் நுனியை வெட்டி மழுக்கிக்கொள்ள வேண்டும். நேரே தொண்டைக்குள் விடக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் வெறுமையாக ஓர் இடைவெளி இருக்கிறது. பக்கவாட்டில் அதற்குள் நுனியை வைத்து, ஒரு சொட்டு விட்டு, அது மென்று விழுங்கும்வரை பொறுத்து, அடுத்த சொட்டு. மடியில் துவாயால் சுற்றி வைத்துக்கொண்டு இருப்பேன். முதல் நாள் தலையைத் திருப்பித் திருப்பி என் சாரத்தில் எல்லாம் கூழ். மூன்றாம் நாள் நுனியைத் தானே நாக்கால் தேடியது. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு 50 மில்லிலீற்றர் வரை. இரவு இரண்டு மணிக்கு மனிசி எழும்புவாள், மற்ற நேரமெல்லாம் நான்.

வைட்டமின் சீயும் வேண்டும். நம்மைப் போலவே இதன் உடம்பும் அதைத் தானே செய்யாது. கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கி, முரசில் இரத்தம் வரும். சுகமாக இருக்கும்போதே நிறையில் ஒரு கிலோவுக்கு 10 தொடக்கம் 30 மில்லிகிராம் தினமும் வேண்டும், வருத்தத்தில் இன்னும் கூட. தண்ணீரில் கரைத்து வைப்பதில் பயனில்லை, வெளிச்சத்தில் கெட்டுப்போகும். குளிசையைப் பொடித்துக் கூழில் தூவுகிறேன். இப்போது குடைமிளகாய்த் துண்டும் கெக்கரிக்காயும் தானாகவே கடிக்கிறது. முருங்கையிலை நிறுத்தியாயிற்று. கினிப்புல்லைத்தான் நம்பி இருக்கிறேன். அந்தப் புல் ஆபிரிக்கப் பக்கத்துப் புல்லாம், இந்தப் பிராணி தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையில் மனிதரோடு வாழ்ந்து வந்ததாம். இரண்டும் கினி என்ற ஒரே பெயரோடு இரணைமடு வாய்க்கால் கரையில் வந்து சேர்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு அதிசயமாக இருக்கிறது.

இதுவரை ஏறத்தாழ 11,000 ரூபாய் போயிருக்கிறது. ஒரு எலிக்குட்டிக்கா என்று ஊரில் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். 2009 தையில் யுத்தத்தில் தருமபுரத்தை விட்டு வெளிக்கிடும்போது நீயும் நானும் மாடுகளை அவிழ்த்துவிட்டோமே, அந்தச் சிவலைப் பசு கயிறு இல்லாமலே நம் பின்னால் கொஞ்சத் தூரம் வந்ததே. அன்று திரும்பி நின்று ஒரு கை தண்ணீர் காட்ட நமக்கு நேரம் இருக்கவில்லை. இன்று எனக்கு நேரம் இருக்கிறது.

பேத்தியோடும் மனம்விட்டுப் பேசினேன். அதுதான் கூழ் ஊட்டுவதை விடக் கஷ்டமாக இருந்தது. நோ அடங்காமல், தானாகச் சாப்பிடுகிற ஆசையே விட்டுப்போனால் ஊசி போட்டு நித்திரையாக்குவதுதான் அதற்குச் செய்கிற உதவி என்று டொக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "அப்பிடி எண்டால் நான் வருமட்டும் பொறுங்கோ, என்ர மடியில இருக்கட்டும்" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன் மகன் சுவிஸில் இருக்கிறான் அல்லவா, அவனிடம் கேட்டுப் பார். அங்கே 2008 தொடக்கம் கினிப்பன்றியைத் தனியே ஒன்றாக வளர்க்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. கூட்டமாக வாழ்கிற பிராணி. இதன் தங்கச்சி போன வருடம் செத்த பிறகு இது தனியேதான் கிடக்கிறது. இந்த வயதில் புதுத் துணை கொண்டுவந்தால் ஆறுதலா, தொந்தரவா என்று தெரியாமல் இருக்கிறேன். இப்போதைக்குக் கூட்டை விறாந்தையில் என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு ஈரச் சாக்குக் கட்டியிருக்கிறது. சோளகக் காற்று அதில் பட்டு உள்ளே வரும்போது நல்ல குளிர்.

வயல் செய்தி பெரிதாக இல்லை. சிறுபோகத்துக்கு எனக்கு அரை ஏக்கர்தான் கிடைத்தது, பயிர் பரவாயில்லை. குரங்குத் தொல்லை வழக்கம்போல. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய், கண் டொக்டர் சம்மதித்தால் மட்டும் வா. வரும்போது நீ நிழலில் புல் காயவைக்கிற முறையைக் காட்டித் தர வேண்டும். நான் காயவைத்தால் பச்சை மணம் போய்விடுகிறது, புட்டு அதைத் தொடுதில்லை.

இன்று காலை நிறை 872. கல் இன்னும் வரவில்லை, ஆனால் துணியில் சிவப்பு நான்கு நாளாக இல்லை. பின்னேரம் புல்லோடு வாசலில் ஏறும்போது சாக்கு சரசரத்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம், பழைய கூவலில் காற்பங்கும் இல்லை. மனிசி குசினியிலிருந்து கையில் அகப்பையோடு ஓடிவந்து, "கேட்டதோ?" என்றாள்.

பத்து மணியாகிறது. கூழுக்கு நேரம், சிரிஞ்சைக் கொதிநீரில் போட வேண்டும். மிச்சம் அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
உன் நண்பன்